வாசகர் கேள்வி–பதில்: செய்தியைச் சுமப்பவர் அதைப் படிக்கலாமா?

ஒரு கருவியின் செய்தியை மற்றொரு கருவி சுமந்து சேர்க்கும் மெஷ் வலையமைப்பைப் பற்றியும் கணினியில் யாருக்கு எதைத் திறந்துவிடுவது என்பதைப் பற்றியும் வந்த கடிதங்களை இந்த இதழுக்கு ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இரண்டும் தனித்தனித் துறைகளாகத் தோன்றினாலும், கடிதங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது வாசகர்களின் கவலை ஒன்றுதான் என்று தெரிந்தது.

கேள்வி: ஒரே ரவுட்டர் இருந்த வீட்டில் இப்போது மூன்று மெஷ் கருவிகளைப் பொருத்தியிருக்கிறோம். பழைய சிக்னல் பெருக்கியிலிருந்து இது எவ்வகையில் வேறுபடுகிறது? செய்தி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: பெருக்கி என்பது கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் கருவி. அது தன் தலைமைக் கருவியை மட்டுமே அறியும். அந்தத் தொடர்பு அறுந்தால் அதன் வேலையும் அத்தோடு நின்றுவிடும். மெஷ் கணுவோ (மெஷ்ஷில் உள்ள ஒவ்வொரு கருவியும் ஒரு கணு) தன் அண்டைக் கணுக்கள் எல்லாவற்றையும் தெரிந்து வைத்துக்கொண்டு, எதன் வழியாக அனுப்பினால் செய்தி குறைந்த செலவில் போய்ச் சேரும் என்று கணக்கிட்டு, ஒரு வழி அடைபட்டால் மறுவழி தேடுகிறது. வீடுகளுக்கு விற்கப்படும் கருவிகளில் பெரும்பாலும் ஒன்று மேலாளராக இருந்து மற்றவற்றை நடத்துகிறது என்றாலும், மெஷ் என்ற கருத்தின் உயிர்நாடி தலைவர் இல்லாமலே வழி கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

இக்கருத்து வீட்டு வைஃபைக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பால் பாரன், மையம் ஒன்று தாக்கப்பட்டாலும் செய்தித் தொடர்பு அறுபடாமல் இருக்க வேண்டுமானால் மையமே இருக்கக்கூடாது என்று 1960-களின் தொடக்கத்தில் வாதிட்டு, மீன்வலை போல ஒவ்வொரு முடிச்சும் பல முடிச்சுகளோடு இணைந்திருக்கும் அமைப்பை 1964-இல் விரிவான அறிக்கைகளாக வெளியிட்டார். வானொலி அலை வழியாகக் கணினிகளை இணைத்த முன்னோடி 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் இயக்கத் தொடங்கிய அலோஹாநெட். ஆனால் அதில் எல்லா நிலையங்களும் ஒரே மையத்தோடுதான் பேசின. ஒரு வானொலி மற்றொரு வானொலியின் செய்தியைச் சுமந்து, பல தாவல்களில் கொண்டு சேர்க்கும் முறையை அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமை 1973-இல் தொடங்கிய பாக்கெட் வானொலித் திட்டம் வளர்த்தெடுத்தது. 1977 நவம்பர் 22 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேனிலிருந்து கிளம்பிய செய்தி, வானொலி, கம்பி, செயற்கைக்கோள் ஆகிய மூன்று வலையமைப்புகளைக் கடந்து சென்று சேர்ந்தது இந்தத் துறையின் பெரிய நாள்களுள் ஒன்று.

வழி தேர்ந்தெடுக்கும் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் பலரும் இங்கேதான் தவறாக எண்ணுகிறார்கள். தாவல்கள் குறைவாக உள்ள வழியே சிறந்த வழி என்பது கம்பி உலகில் ஓரளவு செல்லும், காற்றில் செல்லாது. உங்கள் மாடி அறையிலிருந்து முன்கூடத்துக் கருவிக்கு நேராக அனுப்பினால், சுவர்களைக் கடந்து போவதில் பாதிப் பொட்டலங்கள் (செய்தியின் துண்டுகள்) தொலைகின்றன, கிடைத்தது என்று திரும்பி வரும் ஒப்புகைகளிலும் பாதி தொலைகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொட்டலம் போய், அதற்கான ஒப்புகையும் வந்து சேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதாவது, ஒரு பொட்டலத்தைச் சேர்க்கச் சராசரியாக 4 முறை அனுப்ப வேண்டும். படிக்கட்டருகே உள்ள கருவி வழியாக இரண்டு தாவல்களில் போனால், ஒவ்வொரு தாவலிலும் இருபுறமும் நூற்றுக்குத் தொண்ணூறு சேருகிறது என்றால், தாவலுக்குச் சுமார் 1.23 முறை, இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2.47 முறை அனுப்பினால் போதும். சுற்றிப் போகும் வழியே சிக்கனமானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட இந்த அளவுகோலுக்கு, எத்தனை முறை அனுப்ப நேரும் என்ற எதிர்பார்ப்பே பெயராகவும் அமைந்தது. பிறகு 2011-இல் ஏற்கப்பட்ட 802.11எஸ் என்ற வைஃபை மெஷ் தரநிலை, ஒரு பொட்டலம் காற்றை எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கும் என்று அளந்து இதே உணர்வைத் தொடர்ந்தது.

கேள்வி: கருவிகளைக் கூட்டக் கூட்ட வேகம் ஏன் குறைகிறது?

பதில்: ஒரே வானொலி ஒரே அலைவரிசையில் கேட்டுக்கொண்டே பேச முடியாது. நடுவிலுள்ள கருவி முதலில் வாங்கி, பிறகு அனுப்ப வேண்டியிருப்பதால், ஒரு தாவல் கூடினாலே வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. கணுக்கள் பெருகப் பெருக ஒவ்வொன்றின் பங்கும் சுருங்கியே தீரும் என்பதைக் குப்தா, குமார் ஆகிய இருவரும் 2000-இல் கணிதமாகவே நிறுவினர். கருவிகளுக்கு இடையிலான போக்குவரத்துக்கென்று தனி வானொலி உள்ளவற்றை வாங்குங்கள். முடிந்தால் அவற்றைக் கம்பியால் இணைத்துவிடுங்கள். நான்காவது கருவி வாங்குவதற்கு முன் மூன்றாவதை இடம் மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: நான் கணினி அறிவியல் மாணவி. அணுகல் கட்டுப்பாடு என்றால் கடவுச்சொல் கேட்பதுதானே? அதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

பதில்: கடவுச்சொல் நீங்கள் யார் என்பதை உறுதி செய்கிறது. அதற்குப் பிறகுதான் உண்மையான கேள்வி தொடங்குகிறது: இவர் எந்தக் கோப்பைப் படிக்கலாம், எதைத் திருத்தலாம், எதைத் தொடவே கூடாது? இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது பொறியாளர்களிடமும் இருக்கும் பழக்கம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறையை எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் 1961-இல் செய்து காட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே, தனக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாத ஆய்வு மாணவர் ஒருவர், கடவுச்சொற் கோப்பை அச்சிட்டுத் தரும்படி ஒரு துளை அட்டையைப் போட்டு, எல்லோருடைய கடவுச்சொற்களையும் காகிதத்தில் பெற்றுக்கொண்டார். அதைவிடப் பாடம் நிறைந்தது 1966-இல் நடந்தது. அங்கே பயன்பாட்டிலிருந்த தொகுப்பி (கோப்பைத் திருத்த உதவும் எடிட்டர் நிரல்), திருத்தப்படும் கோப்பை எப்போதும் ஒரே பெயருள்ள தற்காலிகக் கோப்பில் வைத்தது. ஓர் அடைவில் (கோப்புகளைச் சேர்த்து வைக்கும் இடத்தில்) ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று நம்பி எழுதப்பட்ட நிரல் அது. ஒரு நாள் நிர்வாகிகள் இருவர் ஒரே அடைவில், ஒருவர் கடவுச்சொற் கோப்பையும் மற்றவர் அன்றைய வரவேற்புச் செய்தியையும் திருத்தினார்கள். தற்காலிகக் கோப்புகள் இடம் மாறின. அதன் பிறகு உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புரையாகக் கடவுச்சொற் பட்டியல் முழுவதும் முனையத்தில் அச்சாகி வந்தது. பூட்டு உடைபடவில்லை, யாரும் திருடவில்லை. ஆனாலும் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகுதான் அனுமதியை ஒரு தனிப் பொருளாகப் பார்க்கும் சிந்தனை முதிர்ந்தது. 1971-இல் பட்லர் லாம்சன் அதை ஒரு கட்டமாக வரைந்தார்: வரிசைதோறும் ஆள்கள், நெடுவரிசைதோறும் பொருள்கள், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் உரிமைகள். இந்தக் கட்டத்தை நெடுக்காக அறுத்தால் ஒவ்வொரு பொருளோடும் ஒரு பட்டியல் ஒட்டிக்கொள்ளும். திருமண மண்டப வாசலில் அழைக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு நிற்பதைப் போன்றது அது. குறுக்காக அறுத்தால் ஒவ்வோர் ஆளிடமும் ஒரு சாவிக் கொத்து இருக்கும். கையில் சீட்டு இருந்தால் பெயர் கேட்காமலே உள்ளே விடுவதைப் போன்றது. பட்டியல் முறையில் ஒருவரை நீக்குவது எளிது, பெயரை அடித்தால் போதும். ஆனால் யாரிடமாவது கேட்டுச் சரிபார்க்க வாசலில் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். சாவி முறையில் காவலர் வேண்டாம். ஆனால் கொடுத்த சாவியைத் திரும்ப வாங்குவதுதான் பெரும்பாடு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷ் வலையமைப்பில் இதுவே தலையாய சிக்கலாக மீண்டும் வரும்.

அனுமதி சரியாக இருந்தும் தவறு நடக்கலாம் என்பதற்கு நார்ம் ஹார்டி 1988-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை சான்று. ஒரு தொகுப்பானுக்கு (எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் நிரலுக்கு) தன் பயன்பாட்டுக் கணக்கை எழுதிவைக்க ஓர் அடைவில் எழுதும் உரிமை தரப்பட்டிருந்தது. அதே அடைவில்தான் நிறுவனத்தின் கட்டணக் கோப்பும் இருந்தது. பயனர் ஒருவர், பிழைத்திருத்தக் குறிப்புகளை எழுத வேண்டிய கோப்பின் பெயராகக் கட்டணக் கோப்பின் பெயரையே கொடுத்தார். தொகுப்பான் கீழ்ப்படிதலோடு அதன்மேல் எழுதிவிட்டது. கட்டண விவரங்கள் அழிந்தன. பயனருக்கு அந்த உரிமை இல்லை, தொகுப்பானுக்கு இருந்தது. யாருடைய உரிமையில் இந்த வேலையைச் செய்கிறோம் என்று அதற்குத் தெரியவில்லை. ‘குழம்பிய பிரதிநிதி’ என்று ஹார்டி அதற்கு வைத்த பெயர் நிலைத்துவிட்டது. கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். இன்றைய இணையச் செயலிகளிலும் இதே குழப்பம் புதிய உருவங்களில் வந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: இத்தகைய கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை கிடைக்குமா? வெறும் நிரல்தானே?

பதில்: யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிட்சி 1973-இல் விண்ணப்பித்து 1979-இல் பெற்ற காப்புரிமையே நல்ல எடுத்துக்காட்டு. கடவுச்சொற் கோப்பை எல்லோரும் திருத்தக் கூடாது. ஆனால் ஒவ்வொருவரும் தம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். இதற்கு அவர் கண்ட வழி, நிரற்கோப்போடு ஒரே ஒரு பிட்டைச் சேர்ப்பது. அந்த பிட் இடப்பட்ட நிரலை யார் இயக்கினாலும், இயங்கும் நேரத்துக்கு மட்டும் அது தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு இயங்கும். நிரலுக்குக் காப்புரிமை கிடைக்குமா என்பது ஐயமாக இருந்த காலம் அது. அதனால் அந்த ஆவணம் முழுவதையும் மின்சுற்றாக வரைந்து, மென்பொருளும் மின்சுற்றும் செயலளவில் ஒன்றே என்று எழுதியிருப்பார்கள். பின்னர் அந்தக் காப்புரிமையைப் பொதுப் பயன்பாட்டுக்கே விட்டுவிட்டார்கள்.

இன்று பெரும்பாலான நாடுகளில் காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் செல்லும். மென்பொருள் பற்றிய விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆவணத்தைப் படிக்கும்போது சுருக்கத்தை நம்பாதீர்கள். இறுதியில் எண்ணிட்டு வரும் உரிமைக்கோரல்களே சட்டத்தின் முன் நிற்பவை.

கேள்வி: தலைவரே இல்லாத வலையமைப்பில் யாரை உள்ளே விடுவது என்று யார் தீர்மானிப்பது? பகைவன் ஒருவன் கணுவாக நுழைந்துவிட்டால்?

பதில்: கேள்வியின் ஆழத்தை உணர்ந்தே கேட்டிருக்கிறீர்கள். பட்டியலோடு வாசலில் நிற்கும் காவலரை மெஷ் விரும்புவதில்லை. காவலரை வைத்தால் பாரன் எதைத் தவிர்க்க நினைத்தாரோ அந்த மையம் திரும்ப வந்துவிடும். காவலரே இல்லாவிட்டால், ஒரே ஆள் நூறு முகமூடிகளோடு நூறு கணுக்களாக நுழையலாம். அடையாளங்களுக்குப் பொறுப்பேற்கும் ஒரு மைய அமைப்பு இல்லாமல் இதை முழுவதும் தடுப்பது நடைமுறையில் இயலாது என்று ஜான் டூசர் 2002-இல் காட்டினார்.

வீட்டு வைஃபையில் நீண்ட காலம் இருந்த முறையில் ரவுட்டர் ஒரு பக்கம், கருவி மறுபக்கம். இரண்டும் ஒன்றையொன்று சரிபார்த்துக் கைகுலுக்கிக்கொள்வதைக் காற்றில் ஒருமுறை பதிவு செய்துகொண்டவர், பிறகு தம் வீட்டில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு கடவுச்சொல்லாகப் பொருத்திப் பார்க்கலாம்; எளிய கடவுச்சொல்லாக இருந்தால் சில மணி நேரத்தில்கூடச் சிக்கிவிடும். மெஷ்ஷில் இன்னொரு சிக்கல்: அங்கே ரவுட்டர், கருவி என்ற ஏற்றத்தாழ்வு இல்லை, இரு கணுக்கள் ஒரே நொடியில் ஒன்றையொன்று அழைக்கக்கூடும். இருவரும் சமமானவர்கள் என்ற நிலையிலிருந்தே தொடங்கும் ஒரு கைகுலுக்கலை டான் ஹார்கின்ஸ் 2008-இல் மெஷ்ஷுக்காக வடிவமைத்தார். அதைப் பதிவு செய்துவைத்துப் பயனில்லை. ஒவ்வோர் ஊகத்துக்கும் நேரில் வந்து ஒரு முறை கைகொடுத்தாக வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து, 2018-இல், வீட்டு வைஃபைக்கான டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பு முறை இதையே எடுத்துக்கொண்டது. தலைவரில்லாதவர்களுக்காகச் செய்த பூட்டு, தலைவர் உள்ள வீடுகளுக்கும் மேலான பூட்டாக அமைந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. அதிலும் குறை இல்லாமல் இல்லை: கணக்கிட எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனித்தே கடவுச்சொல்லைப் பற்றித் துப்புத் துலக்கலாம் என்று 2019-இல் மதி வான்ஹூஃப், எயால் ரோனன் ஆகியோர் காட்டினர், பிறகு அந்தக் கணக்கீட்டு முறை திருத்தப்பட்டது.

உள்ளே நுழையாமலே கெடுக்கும் வழியும் ஒன்று உண்டு. தொலைவில் உள்ள இரண்டு இடங்களில் இருவர் நின்று, ஓரிடத்தில் கேட்டதை மற்றோரிடத்தில் அப்படியே ஒலிக்கவிட்டால், நெடுந்தொலைவில் உள்ள கணுக்கள் தாங்கள் அடுத்தடுத்து இருப்பதாக நம்பி எல்லாப் போக்குவரத்தையும் அந்தக் குறுக்கு வழியில் கொட்டும். பொட்டலத்தில் ஓர் எழுத்தும் மாறாததால் மறையாக்கம் இதைக் கண்டுபிடிக்காது. புறப்பட்ட நேரத்தைப் பொட்டலத்திலேயே குறித்து, அவ்வளவு நேரத்தில் அலை எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்று பார்ப்பது 2003-இல் முன்மொழியப்பட்ட தீர்வு. அலை ஒரு மைக்ரோ நொடியில் சுமார் 300 மீட்டர் செல்வதால், கணுக்களின் கடிகாரங்கள் அதைவிட நுட்பமாக ஒத்துப்போக வேண்டும். விலை குறைந்த கருவிகளில் அது எளிதன்று.

கேள்வி: என் வாசற்கதவின் பூட்டுக்குப் போகும் கட்டளை, வழியில் உள்ள விளக்குகள் வழியாகத் தாவிப் போகிறதாம். அப்படியானால் அந்த விளக்குகளுக்கெல்லாம் என் பூட்டைத் திறக்கும் சாவி தெரியுமா? பழுதான ஒரு விளக்கைக் குப்பையில் போட்டுவிட்டேன். அதை எடுப்பவர் என்ன செய்ய முடியும்?

பதில்: இந்த இதழின் தலைப்பு உங்கள் கடிதத்திலிருந்துதான் வந்தது. 2017-இல் வெளியான புளூடூத் மெஷ் தரநிலை இதற்குத் தரும் விடையை இத்துறையின் மிக அழகிய வடிவமைப்புகளுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

அதில் சாவிகள், அதாவது செய்தியை மறைக்கவும் பிரிக்கவும் பயன்படும் இரகசிய எண்கள், மூவகை. வலையமைப்புச் சாவி எல்லாக் கணுக்களிடமும் இருக்கும். செயலிச் சாவி அந்தந்த வேலைக்கு உரியவற்றிடம் மட்டும் இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் அதை அமைப்பவருக்கும் இடையே தனிச் சாவி ஒன்று இருக்கும். பூட்டைத் திறக்கும் கட்டளையை உங்கள் கைபேசி முதலில் பூட்டுக்குரிய செயலிச் சாவியால் மறைத்து, பிறகு அந்த உறையை வலையமைப்புச் சாவியால் மற்றோர் உறையில் இடுகிறது. நடைபாதை விளக்கு வெளியுறையைப் பிரித்து, இது நம் வலையமைப்பின் செய்திதானா, முன்பே கேட்டதா, இன்னும் எத்தனை தாவல் போகலாம் என்று பார்த்து, தாவல் எண்ணில் ஒன்றைக் குறைத்து, மீண்டும் உறையிட்டு அனுப்புகிறது. உள்ளுறையைப் பிரிக்க அதனிடம் சாவி இல்லை. கதவா, விசிறியா, திறப்பா, மூடலா என்று எதுவும் அதற்குத் தெரியாது. தபால்காரர் முகவரியைப் படிப்பார், கடிதத்தைப் படிக்க மாட்டார் என்ற பழைய நம்பிக்கை, இங்கே நம்பிக்கையாக இல்லாமல் கணிதமாகவே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தம் வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் ஓர் உரிமையும் தரக்கூடாது என்று சால்ட்சர், ஷ்ரோடர் இருவரும் 1975-இல் எழுதிய நெறி, ஒரு விளக்குக்குள் வந்து குடியேறியிருக்கிறது. ஆனால், விளக்குக்கும் பூட்டுக்கும் ஒரே செயலிச் சாவியைக் கொடுத்துவிடும் தயாரிப்பாளரிடம் இந்த அழகு முழுவதும் வீணாகிவிடும்.

வீட்டுக் கருவிகளை இணைக்கும் மற்றொரு மெஷ் முறையான ஜிக்பீயின் தொடக்ககாலக் கதை ஓர் எச்சரிக்கை. புதிய கருவி சேரும்போது அதற்கு வலையமைப்புச் சாவியைக் காற்றில் அனுப்ப வேண்டும். அதை மறைக்க உலகம் முழுவதும் ஒரே பொதுச் சாவியை வைத்தார்கள். ஜிக்பீ அலையன்ஸ் என்ற அமைப்பின் பெயரோடு 09 என்ற எண்ணைச் சேர்த்தால் அதுவே சாவி. அது எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பிறகு, கருவி சேரும் அந்தச் சில நொடிகளில் அருகிலிருந்து ஒட்டுக்கேட்பவருக்கு வலையமைப்பே கைக்கு வந்துவிடும். பின்னர் வந்த பதிப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தனியான நிறுவல் குறியீட்டைப் பயன்படுத்த வழி செய்தார்கள்.

இனி உங்கள் குப்பைத்தொட்டி. அந்த விளக்கின் நினைவகத்தில் வலையமைப்புச் சாவி இன்னும் இருக்கலாம். தெரிந்தவர் கையில் கிடைத்தால் எடுக்கலாம். அதைக்கொண்டு உங்கள் கணுக்களின் போக்குவரத்தைக் கவனிக்க முடியும், வீண் செய்திகளால் நெரிசல் உண்டாக்கவும் முடியும்; பூட்டின் செயலிச் சாவி விளக்கில் இல்லையென்றால் கதவைத் திறக்க முடியாது. தரநிலையை எழுதியவர்கள் இதை முன்பே எண்ணி, குப்பைத்தொட்டித் தாக்குதல் என்றே பெயரிட்டு, சாவி மாற்றும் முறை ஒன்றையும் வகுத்தார்கள். நீக்கப்பட்ட கருவியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் புதிய சாவி ஒவ்வொன்றாகக் கொடுக்கப்படும். அப்போது எல்லோரும் பழைய சாவியிலேயே பேசுவார்கள், இரண்டையும் கேட்பார்கள். அடுத்த கட்டத்தில் புதியதில் பேசுவார்கள், இரண்டையும் கேட்பார்கள். மூன்றாவது கட்டத்தில் பழையது மறக்கப்படும். மின்கலத்தைச் சேமிக்க உறங்கிக்கொண்டிருக்கும் பூட்டு தாமதமாக விழித்தாலும் வெளியே தள்ளப்படாமல் இருக்கவே இந்த நிதானம். கொடுத்த சாவியைத் திரும்ப வாங்க முடியாதபோது, பூட்டுகளையே சத்தமில்லாமல் மாற்றிவிடும் வழி இது.

இதில் மனிதர் செய்ய வேண்டிய பங்கு ஒன்று இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், விலகிப் போனவரின் நுழைவுரிமை பல மாதங்கள் கழித்தும் அப்படியே இருந்ததைக் கண்டேன். நீக்கும் வசதி இல்லாமல் இல்லை, நீக்கச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே இன்றே செயலியைத் திறந்து, ‘பதில் இல்லை’ என்று காட்டும் அந்த விளக்கைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். நீக்கும்போது சாவியும் மாற்றப்படுகிறதா என்று தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் பாருங்கள். சில செயலிகள் பெயரை மட்டும் அழித்துவிட்டுச் சாவியை அப்படியே விட்டுவிடுகின்றன. மாற்றப்படாது என்றால் வலையமைப்பைப் புதிதாக அமைத்துக் கருவிகளை மீண்டும் சேர்ப்பதே வழி. ஒரு மாலைப் பொழுது போகும், பூட்டை முதலில் சேர்த்து விளக்குகளைப் பிறகு சேருங்கள். அடுத்த முறை எரியும் நிலையிலுள்ள விளக்கை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், முதலில் செயலியிலிருந்து நீக்கி, பிறகு விளக்கையும் தொடக்க நிலைக்குத் திருப்பிவிட்டுக் கொடுங்கள்.